இருப்பும் வரத்தும்: விரிதாளில் வரிசைகளைக் குறைப்பது பற்றி

சென்னைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் ஏரி நிலவரத்தை ஓர் அட்டவணையாக வெளியிடுகிறது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் முதலிய ஏரிகளுக்குத் தலா ஒரு வரிசை, அடியில் மொத்தம். முழுக் கொள்ளளவு, இன்றைய இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம், மழை, போன வருடம் இதே தேதியில் இருந்த இருப்பு என்று பக்கவாட்டில் பத்திகள் ஓடும். 2019 ஜூனில் இந்த நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த நாட்களில் மயிலாப்பூரிலும் அடையாறிலும் குடியிருப்புச் சங்கப் பொறுப்பில் இருந்தவர்கள் இந்த அட்டவணையைப் பஞ்சாங்கம்போலப் புரட்டினார்கள். லாரித் தண்ணீருக்கு எப்போது சொல்லிவைப்பது, மோட்டாரை எத்தனை நேரம் ஓட்டுவது என்பதற்கெல்லாம் அந்த எண்கள்தான் துணை.

அந்த அட்டவணைகளைப் பல வருடங்களுக்குச் சேர்த்து, எக்ஸலில் ஒன்றின்கீழ் ஒன்றாக ஒட்டுவதாக வைத்துக்கொள்வோம். நான்கு ஏரி என்று கொண்டால் நாளுக்கு ஏழு வரிசை வரும்: தலைப்பு ஒன்று, ஏரிகள் நான்கு, மொத்தம் ஒன்று, வெற்று வரிசை ஒன்று. பதினைந்து வருடத்துக்கு முப்பத்தெட்டாயிரம் வரிசைக்கு மேல் சேர்ந்துவிடும். ஏழில் மூன்று நமக்கு வேண்டாதவை. அதிலும் மொத்த வரிசையை விட்டுவைத்துப் பத்தியைக் கூட்டினால், ஊரில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு தண்ணீர் இருப்பதாகக் காட்டும்.

ஐந்துக்கு ஒன்று, ஏழுக்கு ஒன்று என்று சீரான இடைவெளியில் வரிசைகளை நீக்குவது எப்படி என்று அலுவலகங்களில் அடிக்கடி கேட்கிறார்கள். எப்படி என்பதை ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். எந்தத் தரவில் நீக்கலாம், எதில் நீக்கக்கூடாது என்பதை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. இந்தக் கட்டுரையின் கவலை அதுதான்.

செய்முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். தரவுக்குப் பக்கத்தில் ஒரு புதிய பத்தி. வரிசை எண்ணை ஏழால் வகுத்தால் வரும் மீதி அதில் விழ வேண்டும். மாட், ரோ என்ற இரண்டு ஃபங்ஷன்கள் போதும். 0 முதல் 6 வரை மீதிகள் சுற்றிச் சுற்றி வரும். ஃபில்டர் போட்டு வேண்டாத மீதியைத் தேர்ந்தெடுத்து, கண்ணுக்குத் தெரியும் வரிசைகளை அழித்துவிட்டு, ஃபில்டரை எடுத்துவிடலாம். அழிப்பதற்கு முன் அந்தப் பத்தியை நகலெடுத்து மதிப்பாக மட்டும் ஒட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் வரிசைகள் மேலேற ஏற மீதிகளும் மாறிவிடும்; இரண்டாம் முறை ஃபில்டர் செய்யும்போது வேறு வரிசைகள் அகப்படும். பவர் குவெரியில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. எந்த வரிசையில் தொடங்குவது, எத்தனையை நீக்குவது, எத்தனையை வைத்துக்கொள்வது என்று மூன்று எண்களைக் கேட்கும். மூல ஷீட்டைத் தொடாது என்பதால் இதையே நான் பரிந்துரைப்பேன்.

மேக்ரோ எழுதுகிறவர்கள் கீழிருந்து மேலே போக வேண்டும். ஐந்துக்கு ஒன்றை நீக்கும் மேக்ரோ மேலிருந்து இறங்கினால், ஐந்தாவது வரிசையை அழித்தவுடன் பழைய பத்தாவது வரிசை ஒன்பதாம் இடத்துக்கு ஏறிவிடும். மேக்ரோவோ பத்தாம் இடத்துக்கு வந்திருக்கும் பதினோராவது வரிசையை அழித்துவிட்டு நகரும். அடுத்த சுற்றில் பிசகு இரண்டு, அதற்கடுத்து மூன்று. திரையில் எந்த எச்சரிக்கையும் வராது.

வரிசைகள் சத்தமில்லாமல் தொலையும் என்பதற்கு உலகமறிந்த சாட்சி இருக்கிறது. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் ஏறவில்லை. பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸல் கோப்பு வகையில் ஏற்றியிருந்தார்கள். அது 65,536 வரிசைகளுக்கு மேல் கொள்ளாது. மிஞ்சியவை விழுந்துவிட்டன. தொற்றியவர்களோடு பழகியவர்களைத் தேடிப் போவது அதனால் தாமதமாயிற்று. 2007 முதல் எக்ஸல் ஷீட்டில் 10,48,576 வரிசைகள் இருக்கின்றன. இடம் பெருகியதே தவிர, வரிசைகள் தொலையும் வாய்ப்பு இன்னும் தீரவில்லை.

ஏரிக் கணக்குக்கு வருவோம். 2020 நவம்பர் 21 அன்று கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. நான்கு ஏரிகளுக்கு 11,257 மில்லியன் கன அடி என்றிருந்த மொத்தக் கொள்ளளவு 11,757 ஆனது. வீராணத்தின் 1,465ஐயும் சேர்த்துச் சொல்லும்போது 13,222. ஊருக்கு நல்ல செய்தி. ஆனால் அட்டவணையில் ஓர் ஏரி கூடினால் நாளுக்கு ஏழாக இருந்த வரிசை எட்டாகும். ஏழு என்று நம்பி ஓட்டிய ஃபில்டர் அந்தத் தேதியிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு படி பின்தங்கும். ஏரிகள் முறைவைத்துக் காணாமல் போகும். தலைப்புகளும் மொத்தங்களும் பத்திரமாகத் தங்கிவிடும்.

ஆகவே துப்புரவு வேலைக்கு எண்ணிக்கையை நம்பக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. தலைப்பு வரிசையில் 'ஏரி' என்ற சொல் இருக்கும். மொத்த வரிசையில் 'மொத்தம்' இருக்கும். வெற்று வரிசையில் ஒன்றும் இருக்காது. அந்த அடையாளங்களை வைத்து நீக்கினால் ஏரி கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை. மீதிப் பத்தி அப்போதும் வீண் இல்லை. 'மொத்தம்' என்ற வரிசைகள் எல்லாவற்றுக்கும் மீதி ஒன்றேயாக இருக்கிறதா என்று பாருங்கள். எங்கே மாறுகிறதோ, அங்கே அட்டவணையின் அமைப்பு மாறியிருக்கிறது.

தி.நகரிலும் மயிலாப்பூரிலும் உள்ள ஆடிட்டர் அலுவலகங்களில் ஜூலை மாதம் முழுக்க நடப்பதும் இதே வேலை. வங்கி ஸ்டேட்மென்ட் பிடிஎஃப் ஆக வரும். அதை எக்ஸலுக்கு மாற்றினால் பக்கத்துக்குப் பக்கம் வங்கியின் பெயர், கணக்கு எண், பத்தித் தலைப்பு எல்லாம் இடையிடையே புகுந்து நிற்கும். பக்கத்துக்கு இத்தனை வரிசை என்று எண்ணி நீக்கிவிடலாம்போலத் தோன்றும். ஆனால் யுபிஐ வந்த பிறகு விவரப் பத்தி நீண்டுவிட்டது. ஒரே பரிவர்த்தனை இரண்டு, மூன்று வரிசைகளாக மடிந்து விழுகிறது. பக்கத்துக்குப் பக்கம் இடைவெளி வேறுபடும். ஸ்டேட்மென்டிலோ நல்லவேளையாக ஒரு காவல் இருக்கிறது: இருப்புப் பத்தி. முந்தைய இருப்போடு வரவைக் கூட்டிப் பற்றைக் கழித்தால் இந்த வரிசையின் இருப்பு வர வேண்டும். இதை ஒரு வாய்பாடாகப் போட்டுக் கீழே இழுத்தால், பரிவர்த்தனை வரிசை ஒன்று தவறி அழிந்திருந்தாலும் அந்த இடத்தில் கணக்கு உதைக்கும். வரவையும் இருப்பையும் அடுத்தடுத்து எழுதிய பழைய பேரேட்டு முறை இந்தக் கணினிக் காலத்திலும் நம்மைக் காப்பாற்றுகிறது.

அந்த இருப்பு–வரவு வேறுபாடுதான் அடுத்த கேள்விக்கும் திறவுகோல். துப்புரவு முடிந்து சுத்தமான தரவு கையில் இருக்கிறது. ஆனால் மிக நீளம். வரைபடம் போட்டால் கோடு மொத்தையாகத் தெரிகிறது, கோப்பு திறக்க நேரமாகிறது. ஏழில் ஒரு நாளை வைத்துக்கொண்டு மற்ற ஆறையும் நீக்கிவிடலாமா?

ஏரியின் இருப்பு என்றால் பெரும்பாலும் நீக்கலாம். பிப்ரவரி முதல் ஜூன் வரை செங்குன்றத்தின் நீர்மட்டம் மெல்ல மெல்ல இறங்கும். திங்கட்கிழமைக்கும் அடுத்த திங்கட்கிழமைக்கும் நடுவில் என்ன இருந்திருக்கும் என்று கோடு கிழித்தே சொல்லிவிடலாம். முந்தைய நாட்களில் நடந்ததெல்லாம் இன்றைய இருப்புக்குள் அடங்கியிருக்கிறது. வரத்து அப்படியல்ல. மழை, நீர்வரத்து, வெளியேற்றம் மூன்றும் அந்தந்த நாளுக்கே உரியவை. அந்த வரிசை போனால் அந்த மழையும் போயிற்று.

2015ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நவம்பரில் சென்னையில் 1,049 மில்லிமீட்டர் மழை. 1918 நவம்பரின் 1,088க்குப் பிறகு அவ்வளவு பெய்தது அப்போதுதான். பிறகு டிசம்பர் 1. வானிலைத் துறை காலை எட்டரையிலிருந்து மறுநாள் எட்டரை வரையிலான மழையை முடிவு நாளின் கணக்கில் எழுதுவதால், அன்று பெய்ததெல்லாம் டிசம்பர் 2 என்ற வரிசையில் இருக்கிறது: நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் 35, தாம்பரத்தில் 49. ஒன்றுவிட்டு ஒன்றாக ஒற்றைப்படைத் தேதிகளை மட்டும் வைத்துக்கொண்ட ஷீட்டில் இந்த வரிசை இருக்காது. கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் ஜாஃபர்கான்பேட்டையும் ஏன் மூழ்கின என்று அந்த ஷீட்டைப் பார்க்கும் மாணவருக்குப் புரியாது. இரட்டைப்படைத் தேதிகளை வைத்துக்கொண்டு, பாதி நாட்கள்தானே என்று மொத்தத்தை இரண்டால் பெருக்குகிறவருக்கோ நுங்கம்பாக்கத்தில் அந்த ஒரு நாளுக்கே 58 சென்டிமீட்டர் கணக்கில் ஏறும். மழைப் பத்தியைச் சுருக்க வேண்டுமானால் கூட்டித்தான் சுருக்க வேண்டும்: வாரத்துக்கு ஒரு வரிசை, அதில் ஏழு நாள் மழையின் கூட்டுத்தொகை, பக்கத்தில் அந்த வாரத்தின் மிக அதிகமான ஒரு நாள் மழை. பிவட் டேபிள் இதைச் சில நொடிகளில் செய்து தருகிறது.

குடிநீர் வாரியத்தின் அட்டவணையில் ஒரே வரிசையில் இருப்பும் இருக்கிறது, வரத்தும் இருக்கிறது. ஒரு பத்திக்குச் சரியான வெட்டு பக்கத்துப் பத்திக்கு அநியாயம். இதை நினைக்காமல் முழு வரிசையையும் அழிப்பதைத்தான் நான் அதிகம் காண்கிறேன். இருப்புகூட எல்லா மாதத்திலும் சாதுவாக நடந்துகொள்வதில்லை. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் செம்பரம்பாக்கத்தின் மட்டம் சில நாட்களில் ஏறிவிடும். ஆகவே கோடைக்கு வாரம் ஒன்று போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு நாளைக்கூட விடக்கூடாது. சீரான இடைவெளி என்ற அழகு கெட்டாலும் கெடட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாளுக்கு ஒரு வரிசை என்பதே ஏற்கெனவே பல மணிகளை நீக்கியபின் மிஞ்சியதுதான். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்தின் திறப்பு சில மணி நேரத்தில் பெருகி நொடிக்கு 29,000 கன அடியைத் தொட்டது. அடையாற்றின் கரையில் இருந்தவர்களுக்கு அன்று வேண்டியிருந்தது மணிக்கணக்கு. நாளுக்கு ஒரு முறை எழுதும் எண், எவ்வளவு உண்மையாக எழுதப்பட்டாலும், அவர்களுக்குப் பயன்பட்டிருக்காது. இருபத்துமூன்று வரிசைகளை முன்னமே நீக்கியது யார், எதை நினைத்து நீக்கினார் என்பது ஒவ்வொரு தினசரி அட்டவணையிடமும் கேட்கத்தக்க கேள்வி.

தரவுக்குள் ஒரு தாளம் இருந்து, நாம் வெட்டும் இடைவெளியும் அதே தாளத்தில் விழுந்தால், வேறு வகையான கேடு வருகிறது. உஸ்மான் சாலையிலோ ரங்கநாதன் தெருவிலோ ஒரு துணிக்கடையின் தினசரி விற்பனையை நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வேறு, செவ்வாய்க்கிழமை கூட்டம் வேறு. ஏழுக்கு ஒன்று வைத்தால் கையில் நிற்பவை எல்லாம் ஞாயிறு, அல்லது எல்லாம் செவ்வாய். முதலாவதைப் பார்த்தால் கடைக்கு இன்னொரு மாடி கட்டத் தோன்றும். இரண்டாவதைப் பார்த்தால் ஆட்களைக் குறைக்கத் தோன்றும். பதினான்குக்கு ஒன்று, இருபத்தொன்றுக்கு ஒன்று எல்லாவற்றுக்கும் இதே நோய். பத்துக்கு ஒன்று வைத்தால் தப்பிக்கலாம்: எழுபது நாளில் ஏழு கிழமைகளும் தலா ஒரு முறை வந்துவிடும். கடை மூடியிருந்த நாளுக்கு வரிசையே இல்லாமல் விட்டிருந்தால் இந்தக் கணக்கும் வழுக்கும். மூடிய நாளுக்குப் பூஜ்யம் போட்டு ஒரு வரிசை எழுதச் சொல்ல வேண்டும்.

ஒரு நாளுக்குள்ளும் தாளம் உண்டு. காற்று மாசை அளக்கும் நிலையங்களின் மணிவாரிக் கணக்கில் இருபத்துநான்குக்கு ஒன்று வைப்பதாகக் கொள்வோம். 2018 ஜனவரி 13, போகி. விடிகாலைப் புகையில் ஓடுபாதை தெரியாமல் சென்னைக்கு வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. மீதமிருக்கும் வரிசை காலை ஆறு மணியுடையதாக இருந்தால் அந்த நாள் மலைபோல் எழுந்து நிற்கும். வெயில் ஏறிக் கடற்காற்றும் வீசிய பிற்பகல் மூன்று மணியுடையதாக இருந்தால் போகியின் சுவடே மங்கிவிடும். எந்த வரிசையில் எண்ணத் தொடங்கினோம் என்ற சின்ன முடிவு, ஊரின் மூச்சைப் பற்றிய முடிவாக மாறிவிடுகிறது.

கடல் இதைவிட நுட்பமாக ஏமாற்றும். சென்னைத் துறைமுகத்திலும் அடையாற்று முகத்துவாரத்திலும் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறி இறங்குகிறது. நிலவின் இழுப்பால் வரும் முக்கிய ஓதத்தின் சுற்று 12 மணி 25 நிமிடம். சூரியனால் வருவதன் சுற்று சரியாக 12 மணி. மணிவாரி அளவீட்டில் இருபத்துநான்குக்கு ஒரு வரிசை வைத்தால், சூரிய ஓதம் ஒவ்வொரு நாளும் அதே நிலையில் அகப்பட்டு அசையாத எண்ணாகிவிடும். அப்படி ஒன்று இருந்ததாகவே தெரியாது. நிலவின் ஓதம் நாளுக்கு ஐம்பது நிமிடம் பிந்துவதால், 14.77 நாளில் ஒரு முறை ஏறி இறங்கும் நீண்ட அலையாக வேடம் போட்டு வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெருகுவதும் உண்மையிலேயே இதே 14.77 நாள் சுற்றில்தான். அதனால் வரைபடத்தைப் பார்ப்பவர், ஓதப் பெருக்கைக் கண்டுவிட்டோம் என்று மனநிறைவோடு போய்விடக்கூடும். பார்த்தது நீக்கலின் நிழலை.

2004 டிசம்பர் 26 அன்று பட்டினப்பாக்கத்தையும் சீனிவாசபுரத்தையும் தாக்கிய ஆழிப்பேரலைகளுக்கு இடையே இருந்தது பத்துப் பத்து நிமிடங்களில் எண்ணக்கூடிய இடைவெளி. மணிக்கு ஓர் எண் மட்டும் வைத்திருக்கும் பதிவால் அத்தகைய அலையை உருவத்தோடு காட்ட முடியாது. ஓதத்துக்கு மணிவாரி வரிசை தாராளம். ஆழிப்பேரலைக்கு அது பட்டினி. 2007இல் ஹைதராபாதில் தொடங்கிய ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் நிமிடவாரி அளவீட்டை நாடியதன் காரணம் இதுதான்.

துப்புரவு, சுருக்கல் இரண்டையும் அடுத்து மூன்றாவதாக, வேண்டுமென்றே மாதிரி எடுப்பதற்காக நீக்குவது. கணக்குத் தணிக்கையில் இது அன்றாடம். ஆயிரக்கணக்கான வவுச்சர்களில் ஐம்பதுக்கு ஒன்றை எடுத்துப் பார்ப்பார்கள். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் தணிக்கைத் தரநிலை 530 இதை ஏற்கிறது. கூடவே, எடுக்கும் இடைவெளி தரவின் உள்ளமைப்போடு ஒத்துப்போய்விடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் தணிக்கையாளர் மேல் வைக்கிறது. டிசம்பர் சீசனில் ஒரு சபாவின் நிகழ்ச்சி நிரலை ஷீட்டாக்கி, நாளுக்கு நான்கு கச்சேரி என்ற கணக்கில் நான்குக்கு ஒன்று எடுத்தால், வந்து சேர்பவர்கள் எல்லோரும் மாலை நேர வித்வான்களாகவே இருக்கலாம். மதியம் பாடிய இளையவர் ஒருவர்கூட அகப்படமாட்டார். தரநிலை எச்சரிப்பது இதைத்தான்.

இத்தனைக்கு ஒன்று என்று மாதிரி எடுக்கும் இந்த முறைக்கு 1944இல் புள்ளியியலாளர்கள் வில்லியம் மேடோவும் லில்லியன் மேடோவும் முறையான கோட்பாடு எழுதினார்கள். 1950இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் அனுபவத்தில் டி. பி. லாகிரி ஒரு திருத்தம் தந்தார். 103 வரிசையில் பத்துக்கு ஒன்று என்றால், முதல் மூன்றில் ஒன்றில் தொடங்கினால் பதினொன்று கிடைக்கும், மற்றவற்றில் தொடங்கினால் பத்துதான். லாகிரி பட்டியலை வட்டமாகப் பாவித்தார்: எந்த வரிசையில் வேண்டுமானாலும் தொடங்கு, முடிவு வந்தால் தலைக்குத் திரும்பு, பத்து சேரும்வரை எண்ணு. யார் எங்கே தொடங்கினாலும் அளவு ஒன்றே. இந்தியப் புள்ளியியலாளர் மஹலநோபிஸ் வற்புறுத்திய வழக்கம் இன்னொன்று: ஒரே மாதிரியை நம்பாமல் தனித்தனியாக இரண்டு எடுத்து, இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்ப்பது.

இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதை எக்ஸலில் செய்வது மிகச் சுலபம் என்பதால்தான் இதைச் சொல்லாமல் நடக்கும் பயிற்சி வகுப்புகள் மேல் எனக்கு வருத்தம். மீதிப் பத்தியை முன்னமே போட்டுவைத்திருக்கிறோம். அழிக்கும் பொத்தானைத் தொடும் முன் ஒரு பிவட் டேபிள் போட்டு, மீதி 0, மீதி 1 என்று ஒவ்வொன்றுக்கும் விற்பனையின், மாசின், ஓதத்தின் சராசரியைத் தனித்தனியே எடுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் எதை வைத்து எதை நீக்கினாலும் சராசரிக்குப் பெரிய கேடில்லை. ஒரு மீதி மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் தரவில் ஒரு தாளம் இருக்கிறது, உங்கள் இடைவெளி அதன்மேல் விழுந்திருக்கிறது. வேறு இடைவெளிக்குப் போங்கள். இந்தச் சோதனையிலும் தப்பக்கூடியது டிசம்பர் 2 போன்ற ஒற்றை வரிசை. அதனால்தான் வரத்துப் பத்திகளை நீக்கிச் சுருக்காமல் கூட்டிச் சுருக்கச் சொல்கிறேன்.

நீக்கிய ஷீட்டைப் பிறருக்கு அனுப்பும்போது மூலக் கோப்பின் பெயர், தொடங்கிய வரிசை, இடைவெளி, வைத்துக்கொண்ட மீதி ஆகியவற்றை முதல் தாளிலேயே எழுதிவைக்க வேண்டும். மூலத்தையும் கூடவே அனுப்ப வேண்டும். குடிநீர் வாரியத்திடம் கேட்க வேண்டியதும் உண்டு. ஒரு நாளுக்கு ஓர் அட்டவணையாகக் காட்டுவதோடு, எல்லா வருடங்களுக்கும் சேர்த்து, வரிசைக்கு ஒரு தேதி ஓர் ஏரி என்ற வடிவில், மொத்தமும் தலைப்பும் இடையில் புகாத ஒரே கோப்பாக அதை மக்களுக்குத் தர வேண்டும். அப்படித் தந்துவிட்டால் மாணவர்களும் சங்கச் செயலாளர்களும் வேண்டாத வரிசைகளை எண்ணி எண்ணி அழித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.